காலம் காட்டாத பெயர்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரப்படும் ஒரு நுட்பம் தமிழ் இலக்கணத்தில் உண்டு. ‘திருடியவன்’ என்பது வினையாலணையும் பெயர். அது காலம் காட்டும். ஒருநாள் ஓரிடத்தில் ஒரு செயல் நிகழ்ந்தது, அது முடிந்தும் போயிற்று, அதைச் செய்தவன் இவன் என்ற அளவோடு அந்தச் சொல் நின்றுவிடும். ‘திருடன்’ என்பதோ வெறும் பெயர். அதில் இறந்தகாலமும் இல்லை, நிகழ்காலமும் இல்லை. அப்பெயரைச் சுமந்தவன் உறங்கும்போதும் திருடன், தன் குழந்தைக்குச் சோறூட்டும்போதும் திருடன்.

சட்டமும் சாஸ்த்ரமும் ‘திருடாதே’ என்று ஒரு செயலைத்தான் விலக்குகின்றன. ஆயினும் அச்செயல் நிகழ்ந்த மறுகணமே நம் நாவு செயலை விட்டு ஆளைப் பற்றிக்கொள்கிறது. வினையைக் கைவிட்டுப் பெயரை எடுத்துக்கொள்கிறது. விதியை மீறியவன் யார் என்பதை அந்த விதியே தீர்மானித்துவிடுமா? இக்கேள்வியை நம் பூர்வாசார்யர்கள் காட்டிய வழியில் நின்று சிந்திக்க வேண்டும் என்பது அடியேனின் நெடுநாள் விருப்பம். அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதை முதலில் விண்ணப்பித்துவிடுகிறேன்.

அடியேனின் ஊர் நைனார்பாளையம். சின்னசேலத்தை அடுத்த சிற்றூர். வானம் தெளிந்த நாளில் வடமேற்கே கல்வராயன் மலைத்தொடர் நீலக் கோடாகத் தெரியும். ‘நயினார்’ என்ற சொல் நம் ஸம்ப்ரதாயத்தாருக்குப் புதியதன்று. ஸ்வாமி தேசிகனின் திருக்குமாரரை நயினாராசார்யர் என்றே வழங்குகிறோம். அடியேனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஒரு மார்கழியில், பெருமாளுக்குத் திருமஞ்சன நீர் எடுக்கும் பித்தளைக் குடம் காணாமற்போயிற்று. ஊர்ப் புறத்தில் கூடை முடையும் குறவர் குடும்பம் ஒன்று அப்போது தங்கியிருந்தது. முந்தின நாள் அந்தியில் அந்தக் குடும்பத்துப் பெரியவரைக் கோயில் மதிலோரம் கண்டதாக அடியேன் சொன்னேன். சொன்னது பொய்யன்று, கண்டது மெய்தான். அவர் அங்கே ஈச்சங்கீற்று வெட்டிக்கொண்டிருந்தார் என்பதையும் கண்டேன். அதை யாரும் கேட்கவில்லை, அடியேனும் சொல்லவில்லை. அவரை விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள். மூன்றாம் நாள் திரும்பியவர் சரியாக நடக்க முடியாதவராக இருந்தார். அந்த வாரமே அக்குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது.

இரண்டு கோடைகள் கழிந்து கிணற்றைத் தூர் வாரியபோது சேற்றிலிருந்து அந்தக் குடம் வந்தது. அதன் கழுத்தில் அறுந்த கயிற்றின் துண்டு இருந்தது. அன்று நீர் இறைக்கச் சென்றவர் எங்களில் ஒருவர். கயிறு அறுந்ததை அவர் அறியாதிருக்க வழியே இல்லை. ஊர் ஒரு கணம் மௌனமாயிற்று. பிறகு குடத்தைப் புளியிட்டுத் தேய்த்துக் கைங்கர்யத்துக்கு எடுத்துக்கொண்டது. போன குடும்பத்தைத் தேடிச் சென்று சொன்னவர் எவருமில்லை. பொய்யை மறைத்த எங்கள் மனிதரை ‘பொய்யர்’ என்று யாரும் அழைக்கவும் இல்லை. அவர் ஒரு தவறு செய்தவர், அவ்வளவே. வினையாலணையும் பெயர் அவருக்கு. காலம் காட்டாத பெயர் அந்தப் பெரியவருக்கு.

இந்தப் பங்கீடு எங்கள் ஊர் கண்டுபிடித்ததன்று என்பது பின்னாளில்தான் விளங்கிற்று. 1871-இல் ஆங்கிலேய அரசு ‘குற்றப் பரம்பரைச் சட்டம்’ ஒன்றை இயற்றியது. நெசவுக்கு ஒரு குலம், தச்சுக்கு ஒரு குலம் இருப்பதுபோலக் களவுக்கும் குலங்கள் உண்டு என்பது அச்சட்டத்தின் பின்னிருந்த வாதம். முதலில் வடநாட்டில் நடைமுறைக்கு வந்த அது, 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் செல்லுபடியாயிற்று. ஒரு சமூகம் ‘குற்றப் பரம்பரை’ என்று அரசு அறிவித்துவிட்டால் போதும். அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. பதிவு செய்யப்பட்டவர்கள் கைரேகை வைக்க வேண்டும்; தங்கள் இருப்பைக் காவலரிடம் தெரிவித்தபடி இருக்க வேண்டும்; பலர் இரவுதோறும் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். மக்கள் இதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். ரேகை வைக்க மறுத்து நின்ற உசிலம்பட்டிப் பகுதிப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் காவலர் சுட்டதில் 16 பேர் உயிரிழந்தனர்.

எங்கள் பகுதி அன்று தென்னாற்காடு மாவட்டம். அண்டையில் சேலம் மாவட்டம். இவ்விரு மாவட்டத்துக் குறவர் பிரிவுகள் பலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. இன்றும் தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில் ‘கடலூர், விழுப்புரம் மாவட்டங்கள்’ என்ற குறிப்போடு ஒரு குறவர் பிரிவின் பெயரைக் காணலாம். 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்ததே எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம்.

அம்மக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கடற்கரையிலிருந்து உப்பை எருதுகளின் மேலும் கழுதைகளின் மேலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், தானியத்தோடு திரும்பிய வணிகர்கள் அவர்களில் பலர். அரசு உப்பைத் தன் கைக்குள் வைத்து வரி விதித்தது. ரயில் வந்து பொதிமாட்டு வணிகத்தை விழுங்கிற்று. 1876 முதல் 1878 வரை தாதுவருஷப் பஞ்சம் மாடுகளையும் மனிதர்களையும் கொண்டுபோயிற்று. 1882-இல் வந்த வனச் சட்டத்தால் மூங்கிலும் ஈச்சங்கீற்றும் வெட்டுவதே பல இடங்களில் குற்றமாயிற்று. இவ்வளவும் ஆன பிறகு, ‘இவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் தொழில் இல்லை, ஆகவே களவுதான் தொழில்’ என்று சட்டம் முடிவு கட்டிற்று. முதலில் விதி ஒரு பிழைப்பைக் குற்றமாக்குகிறது. பிறகு பிழைத்தவனைக் குற்றவாளி ஆக்குகிறது. கடைசியில் இன்னும் பிறவாத அவன் பிள்ளையையும் அப்பெயருக்குள் பிறக்கச் செய்கிறது. செயலே நிகழாமல் பெயர் மட்டும் நிற்கும் நிலை இது.

இங்கே குலசேகராழ்வாரின் வைபவம் நினைவுக்கு வருகிறது. அரசர் பாகவதர்களோடு ஒன்றிவிட்டதைப் பொறாத அமைச்சர்கள் பெருமாளின் ஆபரணத்தை ஒளித்துவைத்து, ‘அந்தப்புரம்வரை வந்துபோகும் அடியார்களே எடுத்திருப்பார்கள்’ என்றார்கள். அவர்கள் இன்ன அடியார் என்று ஒருவரைச் சுட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘அடியார்கள்’ என்று ஒரு கூட்டத்தைச் சுட்டினார்கள். ஆழ்வார் விசாரணை நடத்தவில்லை, சாட்சி தேடவில்லை. பாம்பு அடைத்த குடத்தைக் கொண்டுவரச் செய்து, ‘அடியார்கள் எடுத்திருந்தால் இது என்னைத் தீண்டட்டும்’ என்று அதற்குள் கையை விட்டார். பாம்பு தீண்டவில்லை. அமைச்சர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒரு கூட்டத்தின்மேல் விழுந்த பெயரை அகற்றத் தன் கையையே பணயமாக வைத்தார் ஆழ்வார். எங்கள் ஊரில் பித்தளைக் குடம் காணாமற்போனபோது கையைவிட ஒருவருமில்லை. இவ்வளவுக்கும் அந்த மார்கழியில் விடியற்காலை கோஷ்டி ஒருநாளும் தவறவில்லை.

ஆனால் இந்த உதாரணத்தோடு நின்றுவிட்டால் நாம் எளிய கேள்விக்கே விடை சொன்னவர்களாவோம். குடம் கிணற்றில் கிடைத்ததால் அந்தப் பெரியவர் குற்றமற்றவர் என்று தெரிந்தது. அவர்பால் இரக்கம் தோன்றுகிறது. கிடைக்காமலே போயிருந்தால்? உண்மையிலேயே அவர்தான் எடுத்திருந்தால்? அப்போது ‘திருடன்’ என்ற பெயர் அவருக்குத் தகுமா? நிரபராதிக்காகப் பரிந்து பேசுவது நீதி. அதற்கு ஸம்ப்ரதாயம் வேண்டியதில்லை, சாதாரண நேர்மையே போதும். அபராதியின் விஷயத்தில்தான் நம் ஸித்தாந்தம் சோதிக்கப்படுகிறது.

ஸ்ரீமத் ராமாயணத்தில் விபீஷணாழ்வான் கடற்கரைக்கு வந்து நின்ற கட்டத்தை இக்கண்ணோடு பார்க்கலாம். ஸுக்ரீவ மஹாராஜரின் ஆட்சேபம் என்ன? இவன் அரக்கன், இராவணனின் தம்பி, உளவு பார்க்க வந்திருப்பான், கொல்லத்தக்கவன். விபீஷணன் செய்ததாக ஒரு செயலையும் அவர் காட்டவில்லை. பிறந்த குலத்தைக் காட்டுகிறார். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வாதம் எழுத்துப் பிசகாமல் இதுவேதான். சொல்பவரும் கொடியவரல்லர், பெருமாளின்மேல் கொண்ட பரிவு மிகுதியால் அஞ்சுபவர். நல்லோரின் அச்சத்திலிருந்தும் இப்படிப்பட்ட சட்டங்கள் பிறக்கின்றன என்பதை நாம் மறக்கலாகாது. திருவடியோ பிறப்பைப் பேசவில்லை. வந்தவனின் முகத்தையும் குரலையும் வந்த காலத்தையும் பார்த்துச் சொல்கிறார். விபீஷணன் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது, தீயொழுக்கமுள்ள இராவணனின் தம்பி என்றே தொடங்குகிறான். தனக்கு ஊர் வைத்திருக்கும் பெயரை முதலில் தானே சொல்லிவிடுகிறான்.

பெருமாள் கொடுத்த தீர்ப்பின் அழகைக் கவனிக்க வேண்டும். ‘இவன் குற்றமற்றவன், ஆகவே ஏற்கிறேன்’ என்று அவர் அருளவில்லை. நண்பனாக வந்தவனிடம் குற்றமே இருந்தாலும் கைவிடமாட்டேன் என்றும், ஒருமுறை சரணமென்றவனுக்கு அபயம் அளிப்பது தம் வ்ரதம் என்றும் அருளினார். வந்தவன் இராவணனே ஆனாலும் அழைத்து வா என்றார். விபீஷணனின் நிரபராதத்தை நிரூபித்து அவனைக் காப்பாற்றியிருந்தால், அபராதிகளான நமக்கெல்லாம் அந்தக் கடற்கரையில் இடமிருந்திராது. ஸ்வாமி தேசிகன் அபயப்ரதான ஸாரம் என்று தனி நூலே அருளியதும், பெரியவாச்சான் பிள்ளை இவ்விடத்து ச்லோகங்களை விரித்துரைத்ததும் இந்தக் கட்டத்தின் ஏற்றத்தால் அன்றோ.

பெருமாளுக்கும் ஒருபடி மேலே நிற்பவள் பிராட்டி. இலங்கை வீழ்ந்த பின் திருவடி வந்து, அசோகவனத்தில் பத்து மாதம் அவளை வருத்திய அரக்கியரைக் கொல்ல அனுமதி கேட்கிறார். இவர்கள் பிறப்பால் ஐயுறப்பட்டவர்கள் அல்லர். கையும் களவுமாக நின்றவர்கள். பிராட்டியோ, ஏவலுக்குக் கட்டுப்பட்டு நடந்தவர்கள்மேல் சினம் எதற்கு, குற்றம் செய்யாதவர் யார் என்று மறுமொழி அருளினாள். பராசர பட்டர் ஸ்ரீகுணரத்நகோசத்தில் இதைப் பேசும்போது, அரக்கியரின் குற்றம் ஈரம் உலராத குற்றம் என்று குறிக்கிறார். அவர்கள் சரணமடையவும் இல்லை. அதனால் இராமகோஷ்டியைவிடப் பிராட்டியின் கோஷ்டி உயர்ந்தது என்பது அவர் காட்டும் ரஸம். ‘ஈரம்’ என்ற அந்தச் சொல்லில் நம் இலக்கணச் செய்தியும் அடங்கியிருக்கிறது. ஈரமானது உலரக்கூடியது. குற்றத்தை உலரக்கூடியதாகப் பார்ப்பவளிடம் அது ஒருவரின் பெயராக உறைந்துபோவதில்லை.

இவ்விடத்தில் அடியார்கள் சிலருக்கு ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ‘எல்லோரையும் இப்படி விட்டுவிட்டால் விதி எதற்கு? பாதிக்கப்பட்டவனுக்கு யார் துணை?’ இந்த ஆட்சேபத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 2024 ஜூன் மாதம் எங்கள் மாவட்டத் தலைநகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளின் முன் பந்தல். தாயையும் தந்தையையும் ஒருசேர இழந்த பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைகளிடம் சென்று ‘விற்றவனைக் குற்றவாளி என்று சொல்லாதே’ என்று உபதேசிப்பவன் கருணையுள்ளவன் அல்லன், கண்ணில்லாதவன். விதி அந்தப் பிள்ளைகளுக்காகவே இருக்கிறது. தண்டனையும் அவர்களுக்காகவே இருக்கிறது.

ஆனால் அதே வாரத்தில் பேருந்திலும் கடைவீதியிலும் அடியேன் கேட்ட பேச்சு வேறொன்று. ‘இந்தக் கல்வராயன் மலைக்காரர்களே இப்படித்தான், பரம்பரையாகக் காய்ச்சுகிறவர்கள்.’ மெத்தனால் மலையடுப்பில் காய்ச்சப்படுவதன்று. ஆலைகளில் உற்பத்தியாகும் வேதிப்பொருள். மலைமேல் ஊறல் போடுபவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. தலைமுறைகளாக ஜாகீர்தார்களின் கீழ் வெட்டி வேலை செய்தவர்கள், சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் போதாமல் வாழ்பவர்கள் அம்மலையின் பழங்குடி மக்கள் என்பதும் உண்மை. அந்தச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் அம்மக்களின் வாழ்நிலையைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. செயலைச் செய்தவனைத் தேடிப் பிடிப்பது நீதி. தேடாமலே ஒரு மலையைச் சுட்டுவது சோம்பல். அந்தச் சோம்பலில் உண்மைக் குற்றவாளியும் தப்பிவிடுகிறான். எங்கள் கிணற்றுக் குடத்தின் கதையும் அதுதானே.

ஆகவே வேறுபாடு விதி வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை. விதி எதைத் தொடுகிறது என்பதில் இருக்கிறது. நம் சாஸ்த்ரம் விதிகளில் குறைந்ததன்று. பிள்ளை லோகாசார்யர் தவிர்க்க வேண்டியவற்றை அக்ருத்யகரணம், பகவதபசாரம், பாகவதாபசாரம், அஸஹ்யாபசாரம் என்று வகுத்து, ஒன்றைவிட ஒன்று கொடிது என்று கடுமையாகவே காட்டுகிறார். ஆனால் இந்த நான்கும் செயல்களின் பெயர்கள். இன்ன குலத்தார் அபசாரம் செய்பவர் என்று அவர் ஆட்களை வகுக்கவில்லை. மாறாக, பாகவதனின் பிறப்பை ஆராய்வதையே கொடிய அபசாரமாக வைக்கிறார். அந்த வரையறையின்படி, குலத்தைப் பார்த்துக் குற்றம் சாட்டும் சட்டம்தான் விதியை மீறுகிறது. அதைத் திரும்பச் சொல்லும் நாவும் மீறுகிறது.

குற்றம் செய்தவன்பால் எம்பெருமானின் வாத்ஸல்யம் எப்படிச் செயல்படுகிறது என்பதில் நம் ஆசார்யர்களிடையே இரண்டு நிர்வாஹங்கள் உண்டு. அன்றீன்ற கன்றின் உடல் அழுக்கைத் தாய்ப்பசு நாவால் நக்கி உகப்பதுபோலக் குற்றத்தையே போக்யமாகக் கொள்வான் என்பது ஒன்று. குற்றத்தைக் காணாதவனைப்போல இருந்து பொறுப்பான் என்பது மற்றொன்று. இவற்றுள் எது ஏற்றம் என்பது பெரியோர் பேசும் விஷயம்; அடியேன் அதில் புகவில்லை. இரண்டிலும் ஒத்து நிற்கும் ஒன்றையே காட்ட விரும்புகிறேன். எந்த நிர்வாஹத்திலும் அழுக்கு வேறு, கன்று வேறு. அழுக்கையே கன்றென்று எண்ணும் பசு இல்லை.

பாதிக்கப்பட்டவன் கேட்கும் கேள்வி இன்னும் நிற்கிறது. மன்னிக்கும் உரிமை யாருக்கு? பிறருடைய இழப்பை நாம் மன்னிப்பது எளிது. அதில் நமக்குச் செலவில்லை. கூரத்தாழ்வானின் வைபவம் இங்கே வழிகாட்டுகிறது. சோழன் சபையில் அவர் கண்களை இழக்கக் காரணமாயிருந்தவன், அவரிடமே பாடம் கேட்ட நாலூரான். பின்னாளில் பேரருளாளப் பெருமாள் திருமுன்பே வரம் கேட்க நேர்ந்தபோது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்றே ஆழ்வான் வேண்டிக்கொண்டார். இழந்தவர் அவர், ஆகவே கேட்கும் தகுதியும் அவருக்கே இருந்தது. நாலூரான் செய்தது பிழையன்று என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பிழையே நாலூரானின் முடிவாகிவிடக் கூடாது என்று கேட்டார். நம்மைப் போன்றவர்கள் ஆழ்வானின் இடத்தில் நின்று பேச முடியாது. ஆனால் இழந்தவனின் பெயரைச் சொல்லி இழக்காத நாம் கல்லெறிவதையாவது நிறுத்தலாம்.

இனித் திருமங்கையாழ்வாருக்கு வருவோம். கலியன் கள்ளர் குடியில் அவதரித்தார் என்பதும், ததீயாராதனத்துக்காக வழிப்பறி செய்தார் என்பதும், மணப்பெருமாளையே வழிமறித்துத் திருமந்த்ரம் பெற்றார் என்பதும் குருபரம்பரை நமக்கு ஒளியாமல் சொல்லும் செய்திகள். திருவரங்கத்தில் ஆண்டுதோறும் இராப்பத்தின் எட்டாம் திருநாளில் வேடுபறி கண்டு உகக்கிறோம். அந்த ஆழ்வார் அவதரித்த குடியின் பெயரைத் தாங்கிய மக்கள்தாம் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்து மாண்டார்கள். அச்சட்டம் ஆழ்வார் காலத்தில் இருந்திருந்தால், அவர் ஒன்றும் செய்யாமலிருந்தாலும் அவர் திருக்கை விரல்கள் மையில் தோய்ந்திருக்கும். இதை நினைக்கும்தோறும் அடியேனுக்கு உடல் நடுங்கும்.

வழிப்பறி கொடுத்தவர்களின் குரல் நம் க்ரந்தங்களில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஆழ்வார் தாமே அதை மறைக்கவில்லை. பெரிய திருமொழியின் முதல் பதிகத்தைத் திறந்தால், அவர் தம்மைப் பற்றிச் சொல்வதெல்லாம் வினைச்சொற்களாகவே வருவதைக் காணலாம். வாடியது, துயரில் பிறந்தது, இளையவர் போகத்தின் பின் ஓடியது, பின்பு உய்யும் வழியை உணர்ந்தது, நாமத்தைக் கண்டுகொண்டது. தாம் கள்வனாக ஆனதையும் பின்பு தெளிந்தவராக ஆனதையும் ‘ஆதல்’ என்ற ஒரே வினையால் பேசுகிறார். ஆனவன் வேறொன்றாகவும் ஆகலாம், ஆகிவிட்டார். தம் செயலுக்கு முழுப்பொறுப்பையும் ஏற்று, அச்செயல் தம்மேல் பெயராக உறைவதை மட்டும் மறுக்கிறது அந்தப் பதிகம். ‘நான் அவன் அல்லேன்’ என்று சொல்வது பொய். ‘நான் அவனே, என்றும்’ என்று சொல்வது நாஸ்திகம். இரண்டுக்கும் நடுவே ஆழ்வாரின் வழி செல்கிறது. கீதையின் ஒன்பதாம் அத்யாயத்தில், மிகத் தீய ஒழுக்கமுடையவனும் வேறொன்றை நாடாது தன்னைப் பற்றினால் அவனை ஸாதுவென்றே கருத வேண்டும் என்று கண்ணன் அருளியதும் இவ்வழியே.

நாட்டின் சட்டமும் மெல்ல இப்பக்கம் திரும்பிற்று. சென்னை மாகாணத்தில் 1947-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் அதை ஆராய 1949-இல் அமைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் திருப்பதியை அடுத்த திருச்சானூரில் பிறந்த அனந்தசயனம் ஐயங்கார். பின்னாளில் மக்களவைத் தலைவராக விளங்கியவர். சட்டத்தை நீக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. 1952 ஆகஸ்ட் 31-இல் அது நீங்கிற்று. ஆனால் பெயர் அவ்வளவு எளிதில் போகவில்லை. அதனிடத்தில் மாநிலங்கள்தோறும் ‘வழக்கக் குற்றவாளி’ சட்டங்கள் வந்தன. சில மாநிலச் சிறை விதிகள், குற்றமே செய்யாதிருந்தாலும் சீர்மரபினரை வழக்கக் குற்றவாளி வகையில் சேர்க்க இடந்தந்தன. 2024 அக்டோபர் 3-இல்தான் உச்ச நீதிமன்றம் இத்தகைய சிறை விதிகளைச் செல்லாதவையாக்கிற்று. கல்வெட்டில் பொறித்ததைப்போல ஒரு பெயர் 153 ஆண்டுகள் நின்றிருக்கிறது.

அயல்நாடுகளில் வாழும் அடியார்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. குடியேற்றப் படிவங்களில் ‘நீர் எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா’ என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த ‘எப்போதாவது’ என்ற சொல்லின் முன் பேனா நின்றவர்களுக்கு, காலம் காட்டாத பெயரின் கனம் தெரியும். அரசுக்கு அப்படிக் கேட்கும் தேவை இருக்கலாம். நமக்கு அந்தத் தேவை இல்லை. திருமண் இட்டுக் கோஷ்டியில் வந்து நிற்பவரைப் பற்றி, ‘இவர் முன்னே என்ன செய்தார் தெரியுமா’ என்று அடுத்தவர் காதில் சொல்லும்போது, நாமும் அந்தப் படிவத்தை நீட்டுகிறோம்.

எங்கள் மாவட்டத்திலேயே திருக்கோவலூர் திவ்யதேசம் இருக்கிறது. மழை பெய்த இரவில், ஓர் இடைகழியில், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று முதலாழ்வார்கள் இடம் கொடுத்துக்கொண்டார்கள். இருட்டில் வந்தவரை யார் என்றும் எக்குலத்தார் என்றும் விளக்கேற்றிப் பார்த்து உள்ளே விடவில்லை. இடம் கொடுத்த பிறகே நெருக்கம் வந்தது. நெருக்கிய பிறகே எம்பெருமான் வந்தான். அதற்குப் பிறகே விளக்கேற்றினார்கள். அந்த வரிசை மாறியிருந்தால் நமக்கு அருளிச்செயல் கிடைத்திருக்குமா?

நம் ஸித்தாந்தப்படி ஆத்மாவுக்குக் காலம் காட்டாத பெயர் ஒன்று உண்டு. ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது ‘அடியான்’ என்பது. சேஷத்வமே ஸ்வரூபம், அது என்றும் இருப்பது, ஒருவன் மறந்தாலும் மறுத்தாலும் மாறாதது. மற்றவை யாவும் வினையால் வந்தவை, வினையோடு போகக்கூடியவை. அந்த ஒரு பெயர் இருக்கும் இடத்தில் வேறொரு நிலையான பெயரைக் கொண்டுவந்து வைப்பவன், எம்பெருமானின் உடைமைமேல் தன் முத்திரையைக் குத்துகிறான். களவுகளில் அதுவும் ஒன்று.

அந்தப் பெரியவரின் பெயர் அடியேனுக்குத் தெரியாது. ஊரில் அப்போதும் யாருக்கும் தெரியாது; கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. எங்களுக்கு அவருக்கென ஒரு பெயர் முன்பே இருந்தது. இப்போது மார்கழியில் ஊருக்குச் செல்லும்போது, திருமஞ்சனத்துக்கு நீர் கொண்டுவரும் அந்தக் குடத்தைக் காண்கிறேன். கழுத்தில் கயிறு அழுந்திய தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று மதிலோரம் அவர் கையில் இருந்தது ஈச்சங்கீற்று என்பதை இப்போது சொல்லிவிட்டேன். அப்போது சொல்லாதவன் அடியேன்.

அடியேன் ராமாநுஜதாஸன்.